பாய்லர் கணக்குக்கு எந்த உமிழ்வுக் காரணி? நான்கு வழிகளை எடைபோட்டுப் பார்க்கலாம்

திருப்பூர், ஈரோடு, கரூர் பக்கம் டையிங் யூனிட்டிலும் ஸ்பின்னிங் மில்லிலும் கார்பன் கணக்குப் போட உட்காருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் சிக்கிக்கொள்கிறார்கள். விறகு எத்தனை டன் எரிந்தது, ஜெனரேட்டருக்கு டீசல் எத்தனை லிட்டர் போனது என்பதெல்லாம் ஸ்டோர் ரிஜிஸ்டரில் இருக்கிறது. அதை எந்த எண்ணால் பெருக்கி வெளியேறும் வாயுவைக் கணக்கிடுவது, அதாவது எந்த உமிழ்வுக் காரணியை எடுப்பது என்பதில்தான் குழப்பம். ஐநாவின் காலநிலை அறிவியல் குழுவான ஐபிசிசியின் 2006 வழிகாட்டியைத் திறந்தால் அதே விறகுக்கு ஒரு பட்டியலில் மீத்தேன் 30 என்றும் இன்னொன்றில் 300 என்றும் போட்டிருக்கிறது. பிரிட்டன் அரசு வெளியிடும் பட்டியலில் வேறு எண், அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமையின் பட்டியலில் அலகே வேறு. துணி வாங்கும் பிராண்டுக்காரர் ஒன்றைக் கேட்கிறார், சரிபார்க்க வருகிறவர் இன்னொன்றைக் கேட்கிறார்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். துறையின் பெயரைப் பார்த்துக் காரணியை எடுக்காதீர்கள், எரிபொருள் எந்த அடுப்பில் எரிகிறது என்று பார்த்து எடுங்கள். பட்டியலில் "துறை" என்று போட்டிருப்பது, அந்தத் துறையில் வழக்கமாக எப்படிப்பட்ட அடுப்பு இருக்கும் என்கிற ஒரு ஊகம்தான். உங்கள் அடுப்பு அந்த ஊகத்துக்குள் வந்தால் சரி, வராவிட்டால் அந்த எண் உங்களுடையது இல்லை.

## துறைக்குத் துறை எது மாறுகிறது

ஐபிசிசி பட்டியலிலிருந்து நம் ஊரில் அதிகம் எரியும் ஐந்து எரிபொருள்கள் கீழே இருக்கின்றன. எல்லாம் ஒரு டெராஜூல் (ஆயிரம் கிகாஜூல்) வெப்பத்துக்கு எத்தனை கிலோ என்ற கணக்கு, நிகர கலோரி மதிப்பின்படி, அதாவது எரியும்போது உண்டாகும் நீராவியின் வெப்பத்தைச் சேர்க்காமல்.

| எரிபொருள் | கார்பன் டை ஆக்சைடு, எல்லாத் துறைக்கும் | மீத்தேன்: மின் உற்பத்தி | மீத்தேன்: தொழிற்சாலை | மீத்தேன்: வணிகம், நிறுவனங்கள் | மீத்தேன்: வீடு |
|---|---|---|---|---|---|
| பிட்டுமினஸ் நிலக்கரி | 94,600 | 1 | 10 | 10 | 300 |
| டீசல் | 74,100 | 3 | 3 | 10 | 10 |
| எல்பிஜி | 63,100 | 1 | 1 | 5 | 5 |
| இயற்கை எரிவாயு | 56,100 | 1 | 1 | 5 | 5 |
| விறகு | 1,12,000 (தனியாகக் காட்ட வேண்டியது) | 30 | 30 | 300 | 300 |

கார்பன் டை ஆக்சைடுக்கு ஒரே ஒரு எண்தான். எரிபொருளில் இருக்கிற கார்பன் கிட்டத்தட்ட முழுவதும் எரிந்து வெளியே போய்விடுகிறது, அது அனல் மின் நிலையத்தில் எரிந்தாலும் சரி, ஓட்டல் சமையலறையில் எரிந்தாலும் சரி. மீத்தேன் அப்படியில்லை, அது அரைகுறையாக எரிவதால் வருவது. பெரிய மின் நிலையத்தில் நிலக்கரியை மாவாக அரைத்துக் கடும் வெப்பத்தில் ஊதி எரிக்கிறார்கள், அங்கே மீத்தேன் தப்பிக்க வழியே இல்லை. வீட்டு அடுப்பில் காற்றும் போதாது, வெப்பமும் போதாது, எரியாத வாயு புகையோடு வெளியே வந்துவிடும். நிலக்கரிக்கு 1, 10, 300 என்று எண் ஏறிக்கொண்டே போவது இதனால்தான்.

மூன்றாவது வாயு நைட்ரஸ் ஆக்சைடு. நிலக்கரிக்கு 1.5, டீசலுக்கு 0.6, விறகுக்கு 4, எரிவாயுவுக்கும் எல்பிஜிக்கும் 0.1 என்று துறை எதுவானாலும் அதே எண்ணைத்தான் ஐபிசிசி போட்டிருக்கிறது. ஆனால் பாய்லரின் வகையைப் பொறுத்து இது நாற்பது மடங்குவரை மாறக்கூடியது. அதைப் பற்றிக் கீழே விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் நம் ஊர் நிலக்கரி பாய்லர்களில் நிறையப் பேர் தவறவிடுவது இதைத்தான்.

## எதை வைத்து எடைபோடுவது

முதலில், உங்கள் கணக்கில் எந்த வாயு கனமானது என்று பாருங்கள். டீசலும் எல்பிஜியும் மட்டும் எரிக்கிறவருக்குக் கார்பன் டை ஆக்சைடுதான் எல்லாமே, துறை மாறினாலும் மொத்தத்தில் ஒன்றும் நகராது. விறகு எரிக்கிறவருக்கு நேர்மாறு. அதன் கார்பன் டை ஆக்சைடு மரம் வளரும்போது காற்றிலிருந்து எடுத்ததுதான் என்பதால் அதைத் தனிவரியில் காட்டிவிடுகிறோம், நேரடி உமிழ்வில் மிஞ்சுவது மீத்தேனும் நைட்ரஸ் ஆக்சைடும்தான், அதனால் துறை எண்ணை மாற்றினால் கணக்கே தலைகீழாகிவிடும்.

இரண்டாவது, உங்களிடம் டன் கணக்கு மட்டும் இருக்கிறதா, கலோரி மதிப்பும் இருக்கிறதா. மூன்றாவது, கணக்கை யார் படிக்கப் போகிறார்கள். பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபி கேட்கும் பிஆர்எஸ்ஆர் என்ற நிலைத்தன்மை அறிக்கைக்கா (2022-23 நிதியாண்டிலிருந்து முதல் ஆயிரம் பட்டியல் நிறுவனங்களுக்கு அது கட்டாயம்), வெளிநாட்டு பிராண்டுக்கா, இறக்குமதிப் பொருளின் கார்பனுக்குக் கட்டணம் போடும் ஐரோப்பிய எல்லைக் கார்பன் விதிக்கா. கடைசியாகச் சொன்னதில் இரும்பு எஃகுப் பொருளுக்குக் கார்பன் டை ஆக்சைடு மட்டும்தான் கேட்கிறார்கள், அங்கே மீத்தேன் எண்ணில் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதே இல்லை. நான்காவது, இந்த ஆண்டு செய்ததை அடுத்த ஆண்டும் அதே முறையில் செய்ய ஆளும் பொறுமையும் இருக்கிறதா.

## வழி 1: ஐபிசிசியின் துறைவாரிப் பட்டியல்

இலவசமாகக் கிடைக்கிறது, எல்லோரும் ஏற்பார்கள், 2019-இல் வந்த திருத்தப் பதிப்பிலும் இந்தப் பகுதியைத் தொடவில்லை என்பதால் எண்கள் ஆண்டுக்காண்டு மாறுவதில்லை. ஆரம்பிக்கிறவர்களுக்கு இதுதான் நல்ல இடம்.

இதில் மாட்டிக்கொள்ளும் இடம், எந்தத் துறைப் பட்டியல் என்பது. மில்லுக்குள்ளேயே சொந்தமாக மின்சாரம் எடுக்கிறீர்கள் என்றால் "மின் உற்பத்தி" பட்டியலுக்குப் போகத் தோன்றும். ஆனால் சொந்த உபயோகத்துக்கு எடுக்கிற மின்சாரம் அந்தத் தொழிற்சாலையின் துறையிலேயே சேரும் என்பதுதான் ஐபிசிசி வகுத்த முறை. டீ ஃபாக்டரி உணவுப் பதப்படுத்தல், அதனால் தொழிற்சாலை. ஓட்டல், மருத்துவமனை, கல்லூரி எல்லாம் வணிகம், நிறுவனங்கள்.

விறகு பாய்லரை எடுத்துக்கொண்டு கணக்கைப் போட்டே பார்த்துவிடலாம். ஒரு டன் விறகுக்கு ஐபிசிசி தரும் வெப்பம் 15.6 கிகாஜூல். தொழிற்சாலைப் பட்டியலின்படி மீத்தேன் 0.47 கிலோ வரும், அதைக் கார்பன் டை ஆக்சைடு சமானமாக்க 28-ஆல் பெருக்கினால் (பூமியைச் சூடாக்குவதில் ஒரு கிலோ மீத்தேன் 28 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம்) 13 கிலோ. நைட்ரஸ் ஆக்சைடு 0.062 கிலோ, அதே மாதிரி 265-ஆல் பெருக்கினால் 16.5 கிலோ. ஆக டன்னுக்குச் சுமார் 30 கிலோ. அதே டன்னை வணிகப் பட்டியலில் போட்டால் மீத்தேன் மட்டுமே 131 கிலோவாகி, மொத்தம் 148 கிலோ ஆகிவிடுகிறது. மாதம் ஆயிரம் டன் விறகு எரிக்கும் யூனிட்டுக்கு 30 டன்னா 148 டன்னா என்ற வித்தியாசம் இது, எரிந்த விறகில் ஒரு குச்சி கூடக் கூடவும் இல்லை குறையவும் இல்லை.

டீசலில் இந்தக் கூத்தெல்லாம் இல்லை. ஒரு டன் டீசலுக்குக் கார்பன் டை ஆக்சைடு 3,186 கிலோ, துறை மாறினால் கூடுவது 8 கிலோ. கேன்டீனின் 19 கிலோ சிலிண்டரில் கார்பன் டை ஆக்சைடு 57 கிலோ பக்கம், துறை மாறினால் வித்தியாசம் 100 கிராம்தான். இதற்காக மீட்டிங் போட்டுப் பேச வேண்டாம்.

ஆனால் அதே மில்லின் தொழிலாளர் விடுதியில் விறகு அடுப்பில் சோறு வடிக்கிறார்கள் என்றால், அந்த விறகுக்கு 300-தான் போட வேண்டும். ரிஜிஸ்டரில் பாய்லர் விறகும் விடுதி விறகும் ஒரே தலைப்பில் வந்திருக்கும், லாரியும் ஒன்றாகவே இருக்கும். பிரித்து எழுதச் சொல்லுங்கள்.

இன்னொரு மறைமுகச் செலவு, இந்த எண்கள் எவ்வளவு தளர்வானவை என்பது. விறகுக்குத் தொழிற்சாலைப் பட்டியலில் 30 என்று போட்டுவிட்டு, பக்கத்திலேயே அது 10-லிருந்து 100 வரை இருக்கலாம் என்று ஐபிசிசியே எழுதியிருக்கிறது. வீட்டு அடுப்பின் 300-க்கு 100-லிருந்து 900 வரை. இப்படிப்பட்ட எண்ணை வைத்துக்கொண்டு அறிக்கையில் தசமத்துக்குப் பின் மூன்று இடம் காட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

இந்த வழி யாருக்கு ஏற்றது என்றால், டீசல், எல்பிஜி, மூடிய விறகு பாய்லர் வைத்திருக்கும் சிறு, நடுத்தர யூனிட்டுகளுக்கு. திறந்த வெல்லக் கொட்டகை அடுப்பு மாதிரி, தாளில் தொழில் என்று இருந்தாலும் எரிகிற விதம் வீட்டு அடுப்பை ஒத்திருக்கும் இடங்களில் தொழிற்சாலை எண்ணை அப்படியே எடுக்காதீர்கள்.

## வழி 2: இந்தியாவுக்கான எண்கள்

நிலக்கரி எரிக்கிறீர்களா, அப்படியானால் இதைக் கவனமாகப் படியுங்கள். இந்திய அரசு 2004-இல் ஐநா காலநிலை அமைப்புக்குக் கொடுத்த முதல் தேசிய அறிக்கையில் நம் நிலக்கரிக்கென்று தனி எண்கள் இருக்கின்றன. கோக் தயாரிப்புக்குப் போகாத சாதாரண நிலக்கரிக்கு டன்னுக்கு 19.63 கிகாஜூல், டெராஜூலுக்கு 95.81 டன் கார்பன் டை ஆக்சைடு. பழுப்பு நிலக்கரிக்கு 9.69-உம் 106.15-உம்.

டெராஜூல் கணக்கில் பார்த்தால் நம் நிலக்கரியின் எண் ஐபிசிசியைவிடக் கொஞ்சம் அதிகம்தான், 94.6-க்குப் பதில் 95.81. டன் கணக்கில் பார்த்தால் கதை மாறுகிறது. ஐபிசிசியின் பிட்டுமினஸ் நிலக்கரிக்கு டன்னுக்கு 25.8 கிகாஜூல், ஆக ஒரு டன்னுக்கு 2,441 கிலோ. நம் எண்ணில் 1,881 கிலோ. 23 சதவீதம் குறைவு, காரணம் நம் நிலக்கரியில் இருக்கிற சாம்பல். நெய்வேலி வகைப் பழுப்பு நிலக்கரியிலும் இதே மாதிரிதான், ஐபிசிசிப்படி 1,202 கிலோ, இந்திய எண்ணில் 1,029. டன்னைக் கலோரியாக மாற்றுகிற அந்த ஒரு படியில் இவ்வளவு பெரிய தவறு ஒளிந்திருக்கும்போது, மீத்தேன் 1-ஆ 10-ஆ என்று வாதாடுவதில் அர்த்தமில்லை. நிலக்கரியில் அந்த வித்தியாசம் டன்னுக்கு ஆறு ஏழு கிலோதான்.

மறைமுகச் செலவும் இருக்கிறது. இந்த எண்கள் உள்நாட்டு நிலக்கரிக்கு மட்டும். தூத்துக்குடியில் இறங்கும் இந்தோனேசிய நிலக்கரிக்கு இவை பொருந்தாது, அது வேறு சாதி. மீத்தேனுக்கும் நைட்ரஸ் ஆக்சைடுக்கும் திரும்பவும் ஐபிசிசி பட்டியலுக்கே போக வேண்டியிருக்கும். அப்புறம், எந்த ஆண்டு அறிக்கையிலிருந்து எடுத்தீர்கள் என்று தாளில் எழுதிவையுங்கள், அடுத்த ஆண்டு உங்கள் நாற்காலியில் வேறொருவர் உட்கார்ந்திருக்கலாம்.

## வழி 3: பிரிட்டன் அல்லது அமெரிக்கப் பட்டியல்

பிரிட்டன் பட்டியல் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படுகிறது, லிட்டருக்கு இவ்வளவு, கிலோவுக்கு இவ்வளவு என்று மூன்று வாயுவையும் சேர்த்த எண்ணாகவே தந்துவிடுவதால் வேலை சீக்கிரம் முடிந்துவிடும். தாய் நிறுவனம் லண்டனில் இருந்து எல்லா நாட்டுக் கிளைகளையும் ஒரே தாளில் சேர்க்கிறது என்றால் இதை எடுப்பதில் தப்பில்லை. ஆனால் அங்கே டீசலுக்கு இரண்டு வரிகள் இருக்கும், ஒன்று உயிரி எரிபொருள் கலந்தது, இன்னொன்று கலக்காத டீசல். கலந்ததை எடுத்தால் பிரிட்டன் பங்க்குகளில் விற்கிற டீசலின் எண் நம் ஜெனரேட்டருக்கு வந்துவிடும். கலக்காத வரியை எடுங்கள்.

அமெரிக்கப் பட்டியலில் ஒரு சுவாரசியம் உண்டு, அங்கே நிலக்கரியின் கார்பன் டை ஆக்சைடே துறைவாரியாக மாறுகிறது. பத்து லட்சம் பிடியூவுக்கு (அங்கே வெப்பத்தை அளக்கும் அலகு) மின் துறைக் கலவை 95.52 கிலோ, தொழில்துறைக் கலவை 94.67, வணிகத் துறைக் கலவை 94.27, கோக் அடுப்புக்குப் போவது 93.90. அடுப்பு மாறுவதால் இல்லை, அந்த நாட்டில் எந்தத் துறை எந்த ரக நிலக்கரியை வாங்குகிறது என்பதன் சராசரி அது. அமெரிக்கச் சந்தையின் சராசரியை அரியலூர்க்காரர் எடுத்துப் பயன்படுத்த ஒரு காரணமும் இல்லை.

இந்தப் பட்டியலின் பெரிய பள்ளம் மொத்தக் கலோரி, நிகரக் கலோரி என்கிற வித்தியாசம். அமெரிக்க எண்கள் மொத்தக் கலோரி மதிப்பில் இருப்பவை, ஐபிசிசி எண்கள் நிகரத்தில். எரியும்போது உண்டாகும் நீராவியின் வெப்பத்தைச் சேர்த்தால் மொத்தம், சேர்க்காவிட்டால் நிகரம். நிலக்கரி, எண்ணெய்க்கு இரண்டுக்கும் சுமார் 5 சதவீத வித்தியாசம், எரிவாயுவுக்கு 10. ஒரு பட்டியலின் காரணியையும் இன்னொரு பட்டியலின் கலோரியையும் கலந்தால் பிழை நேராக மொத்தத்தில் ஏறும்.

## வழி 4: சொந்தமாக அளப்பது, பாய்லர் வகைப்படி எடுப்பது

செலவும் உழைப்பும் இதில்தான் அதிகம். ஆனால் நிலக்கரியோ எரிவாயு எஞ்சினோ வைத்திருக்கிற பெரிய யூனிட்டுக்கு இதுதான் சரியான வழி என்று நான் உறுதியாகவே சொல்வேன்.

முதலில் கலோரி. இந்தோனேசிய நிலக்கரி "4200" என்று விற்கிறார்கள், அது வந்த நிலையில், அதாவது ஈரத்தோடு, மொத்தக் கலோரி, கிலோவுக்கு 4,200 கிலோகலோரி. அதே சரக்கின் நிகரம் 3,800 பக்கம் இருக்கும். நிகரத்தை எடுத்தால் 15.9 கிகாஜூல், ஐபிசிசியின் சப்-பிட்டுமினஸ் காரணி 96.1-ஆல் பெருக்க டன்னுக்கு 1,529 கிலோ. பில்லில் இருக்கிற 4,200-ஐ அப்படியே போட்டால் 1,690. பத்து சதவீதத்துக்கு மேல் கூடுதல், ஒரு தாளை ஒழுங்காகப் படிக்காததால்.

லேப் சர்ட்டிபிகேட்டைக் கையில் எடுத்தால் இரண்டு நிரல்கள் இருக்கும், ஒன்று வந்த நிலையில், இன்னொன்று காற்றில் உலர்த்திய பிறகு. உலர்ந்த நிலைக் கலோரி எப்போதும் பெரிய எண்ணாகத்தான் இருக்கும். வேபிரிட்ஜில் எடை போட்டது ஈரத்தோடு வந்த நிலக்கரியை, அதனால் வந்த நிலை நிரலைத்தான் எடுக்க வேண்டும். மாதிரி எடுக்கிற விதமும் முக்கியம். குவியலின் மேலிருந்து ஒரு கைப்பிடி அள்ளி பையில் போட்டு அனுப்பினால் அது அந்தக் கைப்பிடியின் கலோரிதான். லாரி கொட்டும்போதே விட்டு விட்டுப் பல இடங்களில் எடுத்து, ஒன்றாகக் கலந்து, நாலாகப் பிரித்து எதிரெதிர் பாகங்களை வைத்துக்கொண்டு, திரும்பவும் கலந்து பிரித்துக் குறைக்க வேண்டும். விறகுக்கும் ஈரம்தான் எல்லாம். ஐபிசிசியின் 15.6 ஓரளவு காய்ந்த விறகுக்கு. பாதி எடை தண்ணீராக இருக்கும் பச்சைச் சவுக்கில் 8 பக்கம்தான் இருக்கும்.

அடுத்தது பாய்லர் வகை. ஐபிசிசியிலேயே துறைவாரிப் பட்டியலுக்குப் பின்னால் தொழில்நுட்பவாரிப் பட்டியல்கள் இருக்கின்றன, பலர் அதுவரை புரட்டுவதே இல்லை. அதில் நிலக்கரி எரிக்கும் ஃப்ளூயிடைஸ்டு பெட் பாய்லருக்கு, அதாவது அடியிலிருந்து காற்றை ஊதி மணல் படுகையை மிதக்கவைத்து எரிக்கிற, நம் ஆட்கள் எஃப்பிசி என்று சொல்கிறதற்கு, நைட்ரஸ் ஆக்சைடு 61 கிலோ. துறைப் பட்டியலில் 1.5. எஃப்பிசி 800-லிருந்து 900 டிகிரி செல்சியஸ் அளவில் ஓடுவது, அந்த வெப்பத்தில் நைட்ரஸ் ஆக்சைடு சிதையாமல் தப்பிவிடுகிறது. மாவு நிலக்கரி பாய்லரின் சுடரில் வெப்பம் இதைவிட வெகு அதிகம், அங்கே அது சிதைந்துவிடும். 61-ஐப் போட்டால் டெராஜூலுக்கு 16 டன் கார்பன் டை ஆக்சைடு சமானம் கூடுகிறது, நிலக்கரியின் கார்பன் டை ஆக்சைடில் 17 சதவீதம். ஒரு டன் உள்நாட்டு நிலக்கரிக்கு 8 கிலோ என்று எழுதியது 317 கிலோ ஆகிறது. கணக்கு கூடுகிறதே என்று இதை ஒளிக்கக் கூடாது, பாய்லர் உண்மையில் விடுவது அதுதான்.

விறகு பாய்லருக்கு இதே பட்டியலில் மீத்தேன் 11, நைட்ரஸ் ஆக்சைடு 7. ஒன்று இறங்கி ஒன்று ஏறுவதால் டன்னுக்கு 34 கிலோ வருகிறது, முன்பு பார்த்த 30-க்குப் பக்கம்தான்.

எரிவாயு எஞ்சின் வைத்து மின்சாரம் எடுப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். துறைப் பட்டியலில் மீத்தேன் 1. தொழில்நுட்பப் பட்டியலில் நான்கு ஸ்ட்ரோக் லீன் பர்ன் (காற்று அதிகம் கலந்து எரிக்கும்) எஞ்சினுக்கு 597, ரிச் பர்ன் (காற்று குறைவு) என்றால் 110. எரியாத எரிவாயு சிலிண்டரிலிருந்து நேராகப் புகைக்குழாய்க்குப் போவதால் வருவது இது. 597-ஐ 28-ஆல் பெருக்கினால் கார்பன் டை ஆக்சைடில் 30 சதவீதத்தை அது தொடுகிறது. எஞ்சின் தயாரிப்பாளரிடம் எரியாமல் வெளியேறும் மீத்தேன் அளவைக் கேட்டு வாங்குங்கள், புது எஞ்சின்களில் குறைவாக இருக்கலாம்.

## ஒரே பார்வையில்

| | ஐபிசிசி துறைவாரி | இந்திய எண்கள் | பிரிட்டன், அமெரிக்கா | சொந்த அளவீடு, பாய்லர் வகை |
|---|---|---|---|---|
| செலவு | இல்லை | இல்லை | இல்லை | லேப், ஆள், நேரம் |
| டீசல், எல்பிஜி | போதும் | தேவையில்லை | போதும் | வீண் வேலை |
| விறகு | போதும், பட்டியலைச் சரியாகத் தேர்ந்தால் | இல்லை | வேண்டாம் | ஈரத்தை அளந்தால் நல்லது |
| உள்நாட்டு நிலக்கரி | தவறு பெரிது | நல்லது | வேண்டாம் | மிக நல்லது |
| இறக்குமதி நிலக்கரி | ஓரளவு | பொருந்தாது | வேண்டாம் | இதுதான் |
| எரிவாயு எஞ்சின் | ஏமாற்றும் | இல்லை | ஏமாற்றும் | இதுதான் |
| மறைந்திருக்கும் பள்ளம் | தவறான துறை | இறக்குமதியோடு கலப்பது | மொத்தம், நிகரம் | மாதிரி எடுக்கும் விதம் |

எல்லா எரிபொருளுக்கும் ஒரே வழியைப் பிடிக்க வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. ஜெனரேட்டர் டீசலுக்கு ஐபிசிசி, எஃப்பிசி நிலக்கரிக்குச் சொந்தக் கலோரியும் 61-உம், விடுதி அடுப்புக்கு 300 என்று ஒரே யூனிட்டில் மூன்றும் இருக்கலாம், ஒவ்வொன்றுக்கும் எதிரே காரணத்தை ஒரு வரி எழுதிவிட்டால் சரிபார்க்க வருகிறவர் மறுக்க மாட்டார்.

நடு வழியில் மாற்றுகிறவர்கள் மட்டும் ஒன்றைச் செய்தாக வேண்டும். போன ஆண்டு ஐபிசிசிப்படி டன்னுக்கு 2,441 கிலோ போட்டுவிட்டு இந்த ஆண்டு இந்திய எண்ணான 1,881-க்கு மாறினால், ஒரு கிலோ நிலக்கரி கூடக் குறைக்காமலே 23 சதவீதக் குறைப்பு அறிக்கையில் வந்து நிற்கும். அதை அப்படியே பிராண்டுக்கு அனுப்பாதீர்கள். ஒப்பிடுகிற அடிப்படை ஆண்டையும் புதுக் காரணியாலேயே திரும்பப் போட்டு, பழைய எண்ணையும் புது எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அனுப்புங்கள்.